பஞ்சாயத்து ஆபீஸ் எதற்கு இருக்கிறது? கிராம ஊராட்சி, அடிப்படையிலிருந்து

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் பிரசிடெண்ட் சரியில்லை. பட்டா மாறவில்லை, பிரசிடெண்ட் சரியில்லை. ரேஷனில் பருப்பு போடவில்லை, மெயின் ரோட்டில் பள்ளம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வரவில்லை, எல்லாவற்றுக்கும் பிரசிடெண்ட்தான் சரியில்லை. டீக்கடையில் ஒரு காலைப்பொழுதில் விழும் இந்த ஐந்து குறைகளில் முதலாவது மட்டும்தான் உண்மையில் கிராம ஊராட்சியின் பொறுப்பு. மற்ற நான்கும் வேறு வேறு அலுவலகங்களின் வேலை.

தவறான கதவைத் தட்டினால் மனு அங்கேயே கிடக்கும். சரியான கதவைத் தவறான நேரத்தில் தட்டினாலும் அதே கதிதான். தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியின் எல்லை எது, ஆட்கள் யார், பணம் எங்கிருந்து வருகிறது, ஒரு வேலை எந்த இடத்தில் சிக்குகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## ஒரே சொல், இரண்டு பொருள்

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. "பஞ்சாயத்துக் கூட்டியிருக்காங்க" என்றால் ஆலமரத்தடியில் வழக்குத் தீர்க்கிறார்கள் என்று அர்த்தம். "பஞ்சாயத்துல லைட் போட்டாங்க" என்றால் அது அரசியலமைப்புச் சட்டம் அங்கீகரித்த ஓர் உள்ளாட்சி அமைப்பு. முன்னதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பின்னதற்குத் தமிழ்நாட்டில் வழக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை. கணவன் மனைவி தகராறிலோ வரப்புச் சண்டையிலோ தீர்ப்புச் சொல்ல ஊராட்சித் தலைவருக்குச் சட்டம் எந்த அதிகாரமும் தரவில்லை. பெரிய மனுஷராக அவர் பேசி வைக்கலாம், கேட்பதும் கேட்காததும் எதிரில் நிற்பவர் இஷ்டம். இந்தக் கட்டுரை இரண்டாவது பொருளைப் பற்றியது. அதன் சட்டப் பெயர் கிராம ஊராட்சி.

## திருவிழா வரியிலிருந்து தொடங்குவோம்

மாரியம்மன் கோயில் திருவிழா எப்படி நடக்கிறது? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். வசூலிக்க நாலு பேர், நோட்டுப் போட்டுக் கணக்கெழுத ஒருவர். பந்தல், மைக்செட், அன்னதானம் என்று செலவு. திருவிழா முடிந்த மறுநாள் மந்தையில் உட்கார்ந்து கணக்கு வாசிக்கிறார்கள். எவனாவது ஒருவன் எழுந்து, "மைக்செட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்கிறான்.

ஊராட்சியின் எலும்புக்கூடும் இதுதான். வரி, பொதுச் செலவு, கணக்கெழுத ஓர் ஆள், எல்லோர் முன்பும் கணக்கு வாசிப்பு. மூன்று வித்தியாசங்கள் உண்டு. முதலாவது, இதை நடத்துபவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இரண்டாவது, ஊருக்குள் திரட்டும் பணத்தைவிட வெளியிலிருந்து வரும் பணமே பெரும்பாலான ஊராட்சிகளில் அதிகம். மூன்றாவது, திருவிழா வருடத்துக்கு ஒருமுறைதான். தண்ணீரும் விளக்கும் குப்பையும் தினமும்.

இதைப் பேசும்போது உத்திரமேரூரை இழுக்காத மேடை கிடையாது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையை விவரிப்பது உண்மை. ஆனால் அந்த ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். அது ஒரு பிரமதேயச் சபையின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட ஊரின் சபையின் விதி. அதற்கும் இன்றைய ஊராட்சிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சி இருப்பதாகச் சொல்வது மேடைக்கு நல்லது, வரலாற்றுக்கு ஆகாது. இன்றைய ஊராட்சியின் வேர், 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்த 73வது அரசியலமைப்புத் திருத்தமும் அதையொட்டி வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ம்தான்.

## "எங்க ஊர்" வேறு, ஊராட்சி வேறு

நீங்கள் "எங்க ஊர்" என்று சொல்வது அநேகமாக ஒரு குக்கிராமம், அதாவது ஓரிடத்தில் சேர்ந்திருக்கும் ஒரு குடியிருப்பு. பல குக்கிராமங்கள் சேர்ந்தது ஒரு கிராம ஊராட்சி. தமிழ்நாட்டில் நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கணக்கு 12,525 ஊராட்சிகள், 79,000க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள். நகர்ப்புற இணைப்புகளால் ஊராட்சி எண்ணிக்கை அண்மையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் ஓர் ஊராட்சிக்கு ஆறு குக்கிராமம். 500 பேர்கூட இல்லாத ஊராட்சியும் உண்டு, 10,000 பேரைத் தாண்டியதும் உண்டு.

இதனால் ஒரு நிரந்தர மனத்தாங்கல். அலுவலகக் கட்டடம் தாய்க்கிராமத்தில் இருக்கும், தலைவரும் பல நேரம் அங்கிருந்துதான் வருவார். மூன்று கிலோமீட்டர் தள்ளி முப்பது வீடுள்ள குக்கிராமத்தில் இரண்டு தெருவிளக்கு எரியாவிட்டால் அது நாலாவது வாரம்தான் ஆபீஸ் காதில் விழும்.

இதோடு இன்னொரு எல்லையும் குறுக்கே ஓடுகிறது. வருவாய் கிராமம் என்பது நிலக் கணக்குக்காக வருவாய்த்துறை வரைந்த எல்லை. அதன் பொறுப்பாளர் விஏஓ எனப்படும் கிராம நிர்வாக அலுவலர். வருவாய் கிராம எல்லையும் ஊராட்சி எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரே ஊராட்சிக்குள் இரண்டு விஏஓக்களின் எல்லை வருவதும் உண்டு.

இதுவரை: ஊராட்சி என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி, பல குக்கிராமங்களைக் கொண்டது. விஏஓ அதன் ஊழியர் கிடையாது. அவர் தாசில்தாருக்குக் கீழே, தனி ஏணியில் நிற்பவர்.

## ஆபீஸில் யார் யார்

தலைவர், ஊர்வழக்கில் பிரசிடெண்ட், மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். வார்டு உறுப்பினர்களும் அப்படியே. மாநிலம் முழுக்க அவர்கள் ஏறத்தாழ 99,000 பேர். துணைத் தலைவரை அந்த உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்வு செய்கிறார்கள். தலைவர், வார்டு உறுப்பினர் இருவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் அதே நாளில் அதே சாவடியில் ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும் கட்சிச் சின்னத்தில் ஓட்டுப் போடுகிறோம். 2019ல் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று வாக்குச்சீட்டுகள் தரப்பட்டது நினைவிருக்கலாம். நான்கு ஓட்டு என்பதால்தான் அந்த நிறக்கணக்கு.

ஊராட்சி செயலரை ஊரில் "கிளார்க்" என்பார்கள். தலைவர்கள் ஐந்தாண்டில் மாறுவார்கள், கிளார்க் இருபது ஆண்டு இருப்பார். எந்த வீட்டின் வரி எந்தப் பெயரில் இருக்கிறது, எந்த போர்வெல் எந்த வருஷம் போட்டது, எந்த வால்வு எந்தப் புதருக்குள் இருக்கிறது என்பதெல்லாம் பதிவேட்டில் பாதி, அவர் தலையில் பாதி. புதிய தலைவர் முதல் ஆறு மாதம் அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நடப்பார். இவர்கள் தவிர டேங்க் ஆபரேட்டர்களும், குப்பை வாங்கும் தூய்மைக் காவலர்களும் இருப்பார்கள். அவ்வளவுதான் ஆள்பலம். இன்ஜினியர், ஓவர்சியர் எல்லாம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருப்பவர்கள். பல ஊராட்சிகளுக்கு அவர்கள் பொது.

ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு பிடிஓக்கள் உண்டு. பிடிஓ என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். ஒருவர் ஒன்றியத்தின் வேலைகளுக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. பெயர்ப்பலகையில் அடைப்புக்குறிக்குள் "கி.ஊ." என்று இருப்பவரே உங்களுக்கு வேண்டியவர். மனுவை மற்றவர் மேஜையில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். இவர்கள் அனைவருக்கும் மேலே, ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர்.

## எது யார் வேலை

சட்டத்தின் 110வது பிரிவு ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது: ஊர்ச் சாலை, தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு, குடிநீர், சுடுகாடு இடுகாடு. இவற்றில் குறை என்றால் நேரே ஊராட்சிக்குப் போகலாம்.

பட்டா, சிட்டா, சாதி, வருமானச் சான்றுகள் வருவாய்த்துறை. ஊரில் நிகழ்ந்த பிறப்பு இறப்பைப் பதிபவரும் விஏஓதான். ரேஷன் கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். ஆசிரியர் வராதது கல்வித்துறையின் பாடு. பஸ் போகும் பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத்துறையிடம், இரண்டு ஊரை இணைக்கும் ரோடு பெரும்பாலும் ஒன்றியத்திடம், ஊருக்குள் இருக்கும் தெரு மட்டுமே ஊராட்சியிடம். கண்மாய், ஏரியிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) என்றால் ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. மடை உடைந்தால் யாருக்கு போன் செய்வது என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

வீட்டு வரி ரசீது பற்றி ஒரு வார்த்தை. அது பட்டா ஆகாது. இன்ன வீட்டுக்கு இன்னாரிடம் வரி வாங்கினோம் என்பது மட்டுமே அதன் சாரம். புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கு இருபது வருடம் வரி கட்டியிருந்தாலும் நிலம் உங்கள் பெயருக்கு வராது. மின் இணைப்புக்கு அது உதவும் என்பதால் வாங்கி வைக்கிறார்கள், பிறகு அதையே பத்திரம் போல நினைத்துவிடுகிறார்கள்.

"பஞ்சாயத்துக்கு 29 அதிகாரம் இருக்கு" என்பதும் அடிக்கடி காதில் விழும். 11வது அட்டவணையில் 29 துறைகள் பட்டியலிடப்பட்டிருப்பது சரி. அவற்றில் எதை எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது அரசியலமைப்பு. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஊராட்சிக்கு அதிகாரம் வந்துவிடாது.

## பணம்: இங்குதான் எல்லாம் தெரிகிறது

ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், குத்தகை, உரிமக் கட்டணம் முதலியவை. வெளியிலிருந்து வருவது முக்கியமாக இரண்டு. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அதில் வரும் பங்குக்கு மாநில நிதி ஆணைய மானியம் என்று பெயர். மற்றது மத்திய நிதி ஆணைய மானியம். 15வது நிதி ஆணைய காலத்தில் (2021–26) அதில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குடிநீருக்குப் பாதி, சுகாதாரத்துக்குப் பாதி என்று மட்டுமே செலவிட முடியும். மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது.

"கோடிக்கணக்கில் வருது, எங்க போகுது?" என்று கேட்கும்முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனையாக 800 வீடுள்ள ஓர் ஊராட்சி. வீட்டுக்கு வருடம் சராசரி 150 ரூபாய் வரி, ஒருவர் விடாமல் கட்டினாலும் 1,20,000 ரூபாய். இப்போது கரண்ட் பில். 20 வாட் எல்இடி விளக்கு 120, இரவு 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 28.8 யூனிட், மாதம் 864. ஐந்து எச்.பி. மோட்டார் மூன்று, ஒவ்வொன்றும் தினம் 8 மணி நேரம் ஓடினால் ஒன்றுக்கு மாதம் சுமார் 900 யூனிட், மூன்றுக்கும் 2,700. ஆக மாதம் 3,564 யூனிட். கணக்குக்காக யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 28,500, வருடம் ஏறத்தாழ 3.4 லட்சம். ஊர் முழுவதும் கட்டும் வீட்டு வரி மின்கட்டணத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆபரேட்டர் சம்பளம், மோட்டார் காயில் கட்டுவது, பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்பு எல்லாம் இதற்கு மேலே.

மானியம் தாமதமானால் முதலில் தெருவிளக்குப் பராமரிப்பு நிற்பதும், மின்வாரிய பாக்கி ஏறுவதும் இதனால்தான். மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வைத்திருப்பதும் இதற்காகவே. பொதுநிதி முதல் கணக்கில், இந்தக் கட்டணங்கள் இரண்டாவதில், திட்ட நிதி மூன்றாவதில். "அக்கவுண்ட்ல பணம் இருக்கே" என்று ஒருவர் சொன்னால் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். மூன்றாவது கணக்கில் பத்து லட்சம் கிடந்தாலும் அதில் எரிந்துபோன மோட்டாரைக் கட்ட முடியாது. நூறு நாள் வேலைச் சம்பளம் இந்த எந்தக் கணக்கிலும் வராது, தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு நேரே போகும்.

சொந்த வருமானத்தைப் பெருக்கிக் காட்டியதற்கு எல்லோரும் சொல்லும் ஊர் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. 2006ல் 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனாக, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது அந்த ஊராட்சி. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தது. எல்லா ஊரும் ஓடந்துறை ஆக முடியாது. காற்றும், கடன் வாங்கத் துணியும் தலைவரும், தடுக்காத மேலதிகாரியும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும்.

பணத்தை எடுப்பதில் ஒரு முடிச்சு உண்டு. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு. ஆனால் இருவரும் எதிரெதிர் அணி என்றால் அதே பூட்டு ஊரையே பூட்டிவிடும். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் இல்லை. மாதக்கணக்கில் இழுத்தால் ஆட்சியர் தலையிட்டு, கையெழுத்து அதிகாரத்தை பிடிஓவிடம் கொடுப்பார். துணைத் தலைவர் தேர்தல் அன்று உறுப்பினர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே, அதன் மர்மம் இந்தக் கையெழுத்துதான்.

சுருக்கமாக: வீட்டு வரியால் ஊராட்சி ஓடாது, மானியத்தால் ஓடுகிறது. மானியத்துக்கு நிபந்தனை உண்டு. பணம் இருப்பதும் செலவழிக்க முடிவதும் வேறு வேறு.

## தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால்

ஊராட்சியை மதிப்பிட ஒரே ஒரு இடத்தைப் பார்க்கலாம் என்றால் மேல்நிலைத் தொட்டியைப் பார்ப்பது நல்லது.

30,000 லிட்டர் தொட்டி ஒன்று. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அப்படியானால் ஒருமுறை நிரப்பினால் சுமார் 545 பேருக்கு வரும். மோட்டார் மணிக்கு 6,000 லிட்டர் ஏற்றினால் நிரம்ப ஐந்து மணி நேரம். கோடையில் போர் இறங்கி மணிக்கு 3,000 ஆகிவிட்டால் பத்து மணி நேரம். அதற்குள் மின்தடை வந்தால் இரண்டு தெருவுக்கு அன்று தண்ணீர் இல்லை. வேண்டுமென்று யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

தொட்டியை மாதம் இருமுறை, 5ம் தேதியும் 20ம் தேதியும் கழுவ வேண்டும் என்பது நடைமுறை. கழுவிய தேதியைத் தொட்டியின் தூணிலேயே பெயிண்டில் எழுதியிருப்பார்கள். எழுதிய தேதியைப் பார்த்துவிட்டு, ஏணியின் படிகளில் சிலந்தி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குளோரின் கலப்பதற்குக் கணக்கு இது: 33 சதவீதத் தரமுள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டருக்கு 120 கிராம். அதை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கரைத்து, மேலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். கடைசித் தெருக் குழாயில் பிடித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். அதைச் சோதிக்கச் சின்னக் குப்பிகள் கொண்ட குளோரோஸ்கோப் பெட்டி இருக்கிறது. சொட்டு மருந்து விட்டதும் மஞ்சள் நிறம் வந்தால் சரி.

இதில் தவறுவது எங்கே? பெரும்பாலும் மூட்டையில். பிரித்த மூட்டையை மோட்டார் ரூமின் ஈரத்தில் இரண்டு மாதம் போட்டு வைத்தால் பவுடரில் குளோரின் போய்ச் சுண்ணாம்புதான் மிஞ்சும். ஆபரேட்டர் அளவாகத்தான் போடுவார், பலன் இருக்காது. அடுத்தது, வாளியிலிருந்து தெளிய விடாமல் அப்படியே கொட்டுவது. வீட்டுக் குடத்தில் வெள்ளையாகப் படியும், நாற்றம் அடிக்கும், "மருந்து போடாதே" என்று ஊரே சண்டைக்கு வரும், அவரும் நிறுத்திவிடுவார். அடுத்த மழையில் வயிற்றுப்போக்கு.

கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்குக் காரணம் தொட்டியில் இல்லாமலும் இருக்கலாம். நடுத்தெருவில் நாலு வீட்டில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் போதும், கடைசித் தெருவில் காற்றுதான் வரும். ஆபரேட்டருக்கு யார் வீடு என்று தெரியும். ஆனால் ஒருவர் வார்டு உறுப்பினரின் மச்சான், இன்னொருவர் ஆபரேட்டருக்கே கடன் கொடுத்தவர்.

## ஒரு சிமெண்ட் ரோடு போடும் வழி

ரோடு கேட்டு மனு கொடுத்த அடுத்த மாதம் ஜல்லி வந்து இறங்காது. முதலில் ஊராட்சியில் தீர்மானம். பிறகு ஓவர்சியர் வந்து அளந்து மதிப்பீடு போடுவார். இன்ஜினியரிடம் தொழில்நுட்ப ஒப்புதல், அதிகாரியிடம் நிர்வாக அனுமதி. அப்புறம் டெண்டர், வேலை உத்தரவு. வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், பதிவு. அதன் அடிப்படையில் பில், பிறகுதான் காசு. உங்கள் தெரு இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும். "எப்ப சார் போடுவீங்க" என்று கேட்டால் "போட்டுடலாம்" என்றுதான் கிடைக்கும்.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி: 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் கான்கிரீட் 45 கன மீட்டர். கனத்தை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் 30. மேலிருந்து பார்த்தால் இரண்டு ரோடும் ஒன்றுபோலவே இருக்கும், மூன்றில் ஒரு பங்கு சரக்கு காணாமல் போயிருக்கும். கான்கிரீட் கொட்டும் அன்று ஓரப் பலகையின் உயரத்தை டேப்பால் அளப்பது, போட்டு முடித்தபின் ஆயிரம் மனு எழுதுவதைவிடச் சுலபம்.

கனம் சரியாக இருந்தும் கெட்டுப்போன தெருக்கள் உண்டு. பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டு, வீட்டு வாசல் பள்ளமாகி, மழைத்தண்ணீர் கூடத்துக்குள் வந்த தெருக்கள் அவை. இன்னொன்று வரிசை மாறுவது: இந்த வருடம் ரோடு, அடுத்த வருடம் குடிநீர்க் குழாய்க்காக அதே ரோட்டை வெட்டுவது. குழாய், சாக்கடை, ரோடு என்ற வரிசையை யாராவது ஒருவர் கிராம சபையில் வாய்விட்டுச் சொன்னால்தான் நடக்கும். மூன்றுக்கும் நிதி வருவது பெரும்பாலும் வேறு வேறு தலைப்பில், வேறு வேறு மாதத்தில்.

## கிராம சபை: கூட்டம் வேறு, சபை வேறு

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை. சென்னையில் வேலை பார்த்தாலும் ஓட்டு ஊரில் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். வேடிக்கை பார்க்க வரும் பக்கத்து ஊர்க்காரர் உறுப்பினர் இல்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாட்கள் நடந்து வந்தது, 2022லிருந்து மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்து ஆறு நாட்கள் ஆயின. ஏழு நாள் முன்பே அறிவிப்புத் தர வேண்டும்.

குறைவெண் என்பது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வருகைப் பதிவேட்டில் நூறு கையெழுத்து இருக்கும், மண்டபத்தில் நாற்பது பேர் இருப்பார்கள். நூறு நாள் வேலைத் தளத்தில் நோட்டைச் சுற்றவிட்டு வாங்கிய கையெழுத்துகள்தான் மீதி. சட்டத்தின் கண்ணில் கூட்டம் நடந்துவிட்டது.

பலர் ஏமாறும் இடம் தீர்மானப் புத்தகம். உரக்கப் பேசியது எதுவும் தீர்மானம் ஆகாது, எழுதியது மட்டுமே ஆகும். ஆகவே பொருளைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தில் "இதைத் தீர்மானமா எழுதுங்க" என்று சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள். காலியாக விட்ட பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தப்பான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளில் உரியவருக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை.

ஊராட்சியின் வேலையாக இல்லாத ஒன்றைப் பற்றி, உதாரணமாக பஸ் வசதி பற்றி, சபை தீர்மானம் போட்டால் அது கோரிக்கைதான், உத்தரவு ஆகாது. இருந்தும் அதற்கு ஒரு பயன் உண்டு. தனி ஆளின் மனுவுக்கு இல்லாத கனம் அந்தக் காகிதத்துக்கு இருக்கும்.

## எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்

மாநகராட்சி பில் கலெக்டருக்கு நீங்கள் ஒரு எண். ஊராட்சி செயலருக்கு நீங்கள் இன்னார் மகன், இன்னார் மருமகள். வரி பாக்கிக்காகக் குழாயைத் துண்டிக்கச் சட்டப்படி முடியும். நாளை மறுநாள் அதே வீட்டில் மொய் எழுத வேண்டியிருக்கும்போது எப்படித் துண்டிப்பது? வரியை ஏற்றினால் அடுத்த தேர்தலில் தோல்வி என்று ஒவ்வொரு தலைவருக்கும் தெரியும். மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு வந்ததும் 2025 தொடக்கத்தில் பல ஊர்களில் மக்கள் எதிர்த்ததற்கும் வரி உயரும், நூறு நாள் வேலை போய்விடும் என்ற பயமே முக்கியக் காரணம்.

நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் ஊராட்சியைப் பற்றி எழுதுவது பொய்யாகிவிடும். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக மதுரை மாவட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30ல் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் இதே காரணத்தால் 1996லிருந்து பத்தாண்டு முறையான தேர்தலே நடக்கவில்லை. 2006ல்தான் நடந்தது. 2022 சுதந்திர தினத்தையொட்டிக்கூட, தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

பெண்களுக்கு 1996ல் மூன்றில் ஒரு பங்கு, 2019 தேர்தலில் பாதி இடங்கள். "பிரசிடெண்ட் வீட்டுக்காரர்" என்ற பதவி சட்டத்தில் எங்கும் இல்லை. நாற்காலியில் உட்கார்வதும் கோப்பைப் பார்ப்பதும் அவருக்கு உரிமையில்லாத செயல். கையெழுத்து யாருடையதோ, தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இதைப் புரிந்துகொண்ட பெண் தலைவர்கள் இரண்டாவது வருடத்திலிருந்து வவுச்சரை வாசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார்கள்.

## தலைவரே இல்லாத காலம்

ஐந்தாண்டு முடிந்து தேர்தல் நடக்காவிட்டால் ஊராட்சி மூடப்படாது. தனி அலுவலர் ஒருவரை அரசு நியமிக்கும். 2016 அக்டோபர் முதல் 2019 இறுதி வரை தமிழ்நாட்டில் அப்படித்தான் ஓடியது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5ல் முடிந்தபோதும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மாவட்டப் பிரிப்புக்கு உள்ளான மற்ற ஒன்பது மாவட்டங்களில் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது என்பதால் அங்கே காலக்கணக்கு வேறு.

இந்தக் காலத்தில் குறையை எடுத்துக்கொண்டு பழைய தலைவர் வீட்டுக்குப் போவதில் பயனில்லை, அவருக்குக் கையெழுத்து கிடையாது. முன்பு தலைவர் முடிவெடுத்த இடத்தில் இப்போது பிடிஓ இருக்கிறார், அவர் கையில் பல ஊராட்சிகள். விளக்கு, தண்ணீர், குப்பை என்றால் முதலில் செயலரிடம் எழுத்தில் கொடுங்கள். நகலை "கி.ஊ." பிடிஓ அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் தெருப்பெயரோடு கம்பத்தின் எண்ணையோ, தொட்டி இருக்கும் இடத்தையோ, அருகிலுள்ள வீட்டின் கதவு எண்ணையோ சேர்த்து எழுதுங்கள். உங்கள் தெரு எதுவென்று தெரிந்த ஆள் அப்போது அந்த மேஜையில் இருக்கமாட்டார்.